பரிசோதனைக்கு உட்காராத பெரியக்காவுக்கு

பல்நோவில் பதறி வந்தோரைப் பரிவால் பணியவைத்த பண்பரசியே! அழும் பிள்ளையையும் அடம்பிடிக்கும் பெரியவரையும் ஒரே அதட்டலில் அடக்கிய அன்பின் அதிகாரமே! எங்கள் பல் மருத்துவமனையின் தலைமைச் செவிலியரே, எங்கள் அனைவருக்கும் பெரியக்காவே!

முப்பத்தோராண்டுப் பணி முடித்து விடைபெறும் தங்களை வாழ்த்தக் கூடியிருக்கிறோம். மகிழ்ச்சியோடு என்று எழுதத்தான் நினைத்தோம், மனம் ஒப்பவில்லை. வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கூடியிருக்கிறோம்.

ஈறு வீங்கி ரத்தம் கசிய வந்த எவரையும் "சர்க்கரை பாத்தீங்களா?" என்று கேட்காமல் தாங்கள் நாற்காலியிலிருந்து இறக்கியதில்லை. "பல்லைக் காட்ட வந்தா சர்க்கரையைக் கேக்கறீங்களே, இது என்ன கூத்து?" என்று எரிந்து விழுந்தார் எதிர்க்கடைத் தையற்காரர். தாங்கள் அசரவில்லை. "சர்க்கரை ஏறினா ஈறு சீக்கிரம் புண்ணாகும். ஈறு புண்ணாவே கிடந்தா சர்க்கரை லேசுல இறங்காது. ரெண்டும் கூட்டுக் களவாணிங்க, ஒண்ணை மட்டும் பிடிச்சாப் போதாது" என்றீர்கள். முணுமுணுத்துக்கொண்டே சோதித்துப் பார்த்தார், இருந்தது. மாத்திரையோடு ஈறுக்கும் வைத்தியம் நடந்த பிறகுதான் அளவு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கத் தொடங்கியது. அவரைப்போல் எத்தனையோ பேரைத் தாங்கள் நேரத்தோடு காப்பாற்றியிருக்கிறீர்கள்.

இனிச் சொல்லப்போவது எங்கள் ரத்தப் பரிசோதனை அறைத் தம்பியைப் பற்றி. ஊசியும் கையுமாக அலைகிறான் என்று தாங்களே "கொசு" எனப் பெயர் சூட்டிய தம்பி, இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், மூன்று வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. அது தொடங்கிய அன்று ஊழியர் அறையில் தாங்கள் ஆப்பிளைக் கடித்துவிட்டுத் தொலைபேசி மணி கேட்டு எழுந்து போனீர்கள். தட்டில் கிடந்த பழத்தின் வெள்ளைச் சதையில் சிவப்பாக ஒரு கோடு. கொசுவுக்குப் பகீரென்றது. சில மாதங்களாகத் தாங்கள் ஒரு பக்கமாகவே மென்றதும், தண்ணீர்ப் புட்டியைக் கையை விட்டு இறக்காததும் ஒவ்வொன்றாக அவனுக்கு நினைவுக்கு வந்தன.

திரும்பி வந்த தங்களிடம், "அக்கா, ஈறுல ரத்தம் வருதே, சர்க்கரை பாத்தீங்களா?" என்றான்.

"என் கேள்வியை என்கிட்டயே கேக்கறியா? பழம் கெட்டி. போய் வேலையைப் பாருடா."

போனான். வேலை ஓடவில்லை. ஊழியர்களுக்கான ஆண்டுப் பரிசோதனைப் பட்டியல்களை எடுத்துப் புரட்டினான். பட்டியலை எழுதுவது தாங்கள். வந்துபோனவர் பெயருக்கு நேரே குறியிடுவதும் தாங்கள். கடந்த ஆறு ஆண்டுப் பட்டியல்களிலும் தங்கள் பெயருக்கு நேரே அழகாகக் குறி இருந்தது. முடிவுத்தாள் ஒன்றுகூட இல்லை. மாலை வேலைக்கு வருகிறவர் ரத்தம் எடுத்திருப்பார் என்று கொசு இருந்திருக்கிறான். காலையில் கொசு எடுத்திருப்பான் என்று மாலைக்காரர் இருந்திருக்கிறார். ஊருக்கெல்லாம் ஊசி போட்டவன் கண்ணெதிரே இருந்த அக்காவைக் கோட்டை விட்டுவிட்டேனே என்று அவன் தலையில் அடித்துக்கொண்டதை நாங்கள் பார்த்தோம். எங்களில் ஒருவருக்காவது அந்தக் குறிமேல் சந்தேகம் வந்ததா? இல்லை. வெட்கமாக இருக்கிறது.

அதன்பின் ஏழு முறை தனியாகக் கேட்டான். வேலை அதிகம் என்றீர்கள், வெறும் வயிறு இல்லை என்றீர்கள். மூன்று மாதச் சராசரி பார்க்கும் சோதனைக்கு வெறும் வயிறு வேண்டாம் என்பது அவனுக்குத் தெரிந்ததுபோல் தங்களுக்கும் தெரியும். ஏழாவது முறைதான் உண்மை வந்தது.

"எங்க அக்காவுக்கும் முதல்ல ஈறுலதான்டா தெரிஞ்சுது. அப்புறம் பல்லு போச்சு. அப்புறம் கண்ணு. எனக்குப் பாக்கவே பயமா இருக்கு, விட்டுடு."

கொசு அங்கேயே அழுதுவிட்டான். எங்களிடம் வந்து, "அவங்களுக்குப் பயம்னு ஒண்ணு இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றான். எங்களுக்கும் தெரியாது, அக்கா. எங்கள் பயத்தையெல்லாம் தங்களிடம் கொட்டிவிட்டுப் போனவர்கள் நாங்கள்.

தங்களுக்குச் சர்க்கரை இருக்கிறதோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. சோதிக்காமல் தெரியவும் தெரியாது. நாளை முதல் தாங்கள் இங்கே வரப்போவதில்லை. வீட்டிலிருந்து சோதனைக்கு வருவீர்கள் என்ற நம்பிக்கை எங்களுக்கு எள்ளளவும் இல்லை. சபையில் போட்டு உடைப்பது முறையல்ல என்று அறிவோம். அதனால்தான் கதவைச் சாத்திவிட்டு, நம்மவர் மட்டும் இருக்க வாசிக்கிறோம். நாளைக்கு ஆசை தீரத் திட்டுங்கள், இன்றைக்குப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நோயற்ற நெடுவாழ்வு வாழ வேண்டும் என்று நான்கு வரி எழுதியும் வைத்திருக்கிறோம். தாங்கள் பக்கத்துப் பரிசோதனை அறைக்குப் போய் உட்கார்ந்து எழுந்த பிறகே அதை வாசிப்போம். முடிவு எதுவானாலும் தாங்கள் தனியாகக் கேட்க வேண்டியிராது. அத்தனை பேரும் உடன் இருப்போம். ஈறு வைத்தியத்துக்கு மருத்துவர் இப்போதே நாள் குறித்துவிட்டார்.

அன்பும் அச்சமுமாக,
தங்கள் மருத்துவமனை ஊழியர்கள்

கொசுவின் கையொப்பம் மட்டும் இதில் இல்லை. எத்தனை முறை கேட்டும் பேனாவைத் தொட மறுத்துவிட்டான். காலையிலிருந்தே கையுறை மாட்டிக்கொண்டு நிற்கிறான்.