பொம்மையின் கோட்டு

லவினா: ஆடாம நில்லுடி, ஊசி குத்திடும்.

ரூபினி: நான் ஆடல… காலுதான் ஆடுது. ஜல்தி பண்ணு லவி. பாய் வந்துட்டாருன்னா?

லவினா: வரமாட்டாரு. வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு, மச்சான் வீட்ல பிரியாணி, அங்கேயே ஒரு தூக்கம். நீ இன்டர்வியூ முடிச்சு வந்து, அவர் கடைக்குள்ள கால் வைக்கறதுக்கு முன்னாடி கோட்டு ஷோகேஸ் பொம்மை மேல இருக்கணும். அவ்ளோதான்.

ரூபினி: ஐயோ, பொம்மை அம்மணமா நிக்குதுடி! சிவாஜிநகர் பஜாரே பாத்துட்டுப் போகுது.

லவினா: ஒரு துப்பட்டாவ போத்திவிட்டா முடிஞ்சுது. நீ திரும்பாத… கைய நீட்டு.

ரூபினி: இந்த விலை டேக் மணிக்கட்டுல உறுத்துது. வெட்டிடலாம்ல?

லவினா: வெட்டினா மறுபடி மாட்டற மெஷின் பாய் டிராயர்ல. சாவி அவர் இடுப்புல. அதான் கோட்டுக் கைக்குள்ள மடிச்சுத் தைக்கறேன்.

ரூபினி: இதுக்குப் போய் தையலா? ஒரு பின்னு குத்தினா…

லவினா: பின்னு நிக்காது.

ரூபினி: தக்குணூண்டு டேக்குதானே, நிக்கும்டி…

லவினா: நிக்காதுன்னா நிக்காது! சும்னே இரு கொஞ்சம், பேசாத.

ரூபினி: …ஏன் கத்தறே?

லவினா: கத்தல. தலையில என்ன அது, மல்லிப்பூவா? கல்யாணத்துக்கா போறே?

ரூபினி: அம்மா வச்சுவிட்டுச்சு. அது நான் கடைக்குத்தான் போறேன்னு நினைச்சிட்டிருக்கு.

லவினா: எடுத்துடு. பொட்டு இருக்கட்டும். லிப்ஸ்டிக்கைப் பாதி துடை… இந்தச் செருப்பு ஆகாது. மேசைக்கு அடியில என் ஷூ இருக்கு, போட்டுக்க.

ரூபினி: புதுசா இருக்கே! எப்ப வாங்கினே?

லவினா: கிறிஸ்மஸுக்கு.

ரூபினி: கிறிஸ்மஸுக்கு நீ சிவப்புச் செருப்புதானே போட்டே?

லவினா: நீ என்ன போலீஸா? கைய நீட்டு.

ரூபினி: பாய் சீக்கிரமா வந்து என்னைக் கேட்டா?

லவினா: பல்லு வலின்னு சொல்லிடறேன்.

ரூபினி: போன வெள்ளிக்கிழமை உனக்குப் பல்லு வலின்னு நான் சொன்னேன். இந்த வெள்ளிக்கிழமை எனக்கா? இந்தக் கடையில யாருக்கும் பல்லே நிக்காதான்னு கேப்பாரு.

லவினா: கேக்கட்டும்.

ரூபினி: லவி… கிடைக்குமா எனக்கு? ரிசப்ஷன் வேலைடி. நாள் பூரா நாற்காலி. இங்க காலைல நின்னா கடை சாத்தற வரைக்கும் நிக்கறதுதான்… நேத்து என் காலு வீங்கிக் கிடந்ததைப் பாத்துட்டு அம்மா அழுவுது.

லவினா: கிடைக்கும். அவங்க உக்காருன்னு சொன்ன உடனே உக்காந்துடு. நமக்கு நின்னுட்டே பேசித்தான் பழக்கம். அங்க போய் கஸ்டமர் வந்த மாதிரி நிக்காத.

ரூபினி: சரி.

லவினா: லிஃப்ட் வேணாம், படி ஏறிப் போ. லிஃப்ட்ல சுத்திக் கண்ணாடி. நம்மளையே பாத்துட்டுப் போனா மூணாவது மாடி வர்றதுக்குள்ள தைரியம் எல்லாம் போயிடும்.

ரூபினி: …மூணாவது மாடின்னு நான் சொல்லலயே.

லவினா: சொன்னே.

ரூபினி: இல்ல. எந்தக் கம்பெனின்னே உன்கிட்ட சொல்லல. வேணும்னுதான் சொல்லல.

லவினா: ஏன்?

ரூபினி: ஒரே ஒரு ஆள்தான் எடுக்கறாங்க… சொன்னா நீயும் வந்துடுவேன்னு பயம். என்னைவிட நீ இங்கிலீஷ் நல்லா பேசறே. உன் கையாலேயே கோட்டைத் தைக்கச் சொல்லிட்டு உன்கிட்டயே மறைச்சேன் பாரு… எனக்கே அசிங்கமா இருக்கு. திட்டுடி.

லவினா: திட்ட இப்போ நேரமில்ல. ஆயித்து, தச்சாச்சு… நூலை மட்டும் கடிச்சிடறேன், இரு.

ரூபினி: உனக்கு எப்படித் தெரியும்?

லவினா: ஆட்டோக்காரன் ஹாரன் அடிக்கறான். போ.

ரூபினி: அடிக்கட்டும். போன வாரம் பல்லு பிடுங்கிட்டு வந்து, பாத்ரூம்ல கதவைச் சாத்திட்டு அழுதியே… நான்கூட வலின்னு நினைச்சு ஐஸ் வாங்கிட்டு வந்து குடுத்தேன்…

லவினா: ரூபி, லேட்டாகுது.

ரூபினி: வாயைத் திற.

லவினா: பைத்தியமா உனக்கு?

ரூபினி: திறடி! எந்தப் பல்லைப் பிடுங்கினாங்க? காட்டு!

லவினா: …எல்லாப் பல்லும் அப்படியேதான் இருக்கு. இதே கோட்டு, இதே ஷூ, அதே மூணாவது மாடி… நீ ஆட்டோவுக்கு அட்ரஸ் சொன்னப்பவே புரிஞ்சுடுச்சு. எல்லாம் நல்லாத்தான் போச்சு ரூபி. கடைசியில அந்த மேடம் எழுந்து கை குடுத்தாங்க. நானும் சந்தோஷமா கைய நீட்டினேன்… பின்னு கழண்டு, டேக் வெளிய வந்து ரெண்டு பேர் கைக்கும் நடுவுல தொங்குச்சு. அவங்க சிரிச்சிட்டாங்க. கூப்பிடறோம்னாங்க, கூப்பிடல. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு… அதான் பல்லுன்னு சொன்னேன். அழாத, மை கலையுது. இன்னைக்கு நல்லா நெருக்கித் தச்சிருக்கேன், பிய்ச்சாலும் வராது. நீ போ… பயப்படாம கைய நீட்டு.