மூன்று கோட்டு வார்னிஷ்

எனக்குச் சத்தம் ஆகாது. சிவகாசியில் பிறந்து, பட்டாசுக் கம்பெனியில் இருபத்தோரு வருடம் கெமிஸ்டாக இருந்தவன் இப்படிச் சொன்னால் சிரிப்பார்கள். ஆனாலும் அதுதான் உண்மை. தீபாவளியன்று ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுத்துவிடுவேன். வெடிக்கிற சரக்கையெல்லாம் மற்றவர்களிடம் விட்டுவிட்டு, வெளிச்சம் தருகிற சரக்கை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொள்வேன். மத்தாப்பு, பூச்சட்டி, பென்சில். என் கையில் ஒரு விபத்தும் நடந்ததில்லை. இதை நீங்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டும், ஐயா.

என் பெயர் பாலகுரு. போன மார்ச் மாதம் எங்கள் கம்பெனியில் மாரிச்செல்வி என்கிற பெண்ணுக்கு இரண்டு கண்ணும் போனதை விசாரித்த அதிகாரி நீங்கள். அன்றைக்கு நான் கொடுத்த சாட்சியம் அரைப் பக்கம். அது போதாது என்று இப்போது படுகிறது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் முதலாளி லட்சுமிகாந்தம் நல்ல மனிதர். மூன்று வருடத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டு, "வருசம் பூரா ஓடுற மாதிரி ஒரு சரக்கு வேணும்யா பாலகுரு. கோர்ட்டு என்ன சொல்லும், மழை எப்ப வரும்னு பாத்துக்கிட்டு எம்புட்டு நாளைக்கு உக்காந்திருக்கிறது" என்றார். சென்னையில் சினிமாவுக்கு கேமரா வாடகைக்கு விடும் ஒரு பார்ட்டி அவரிடம் ஒரு யோசனை சொல்லியிருந்தார்கள். பழைய காலத்து ஃப்ளாஷ் பல்பு.

நீங்கள் பழைய படங்களில் பார்த்திருக்கலாம். பத்திரிகைக்காரர் பெரிய கேமராவைத் தூக்கிப் பிடிப்பார். பக்கத்தில் வெள்ளித்தட்டு மாதிரி ஒன்று இருக்கும். அதன் நடுவில் எலுமிச்சம்பழ அளவு பல்பு. ஒரே தடவை பளிச்சென்று எரியும். பிறகு கழற்றி எறிந்துவிட வேண்டியதுதான். இப்போது யாரும் அதைச் செய்வதில்லை. ஆனால் பழைய காலத்துக் கதையைப் படமாக்குகிறவர்களுக்கு அது வேண்டும். வெளிநாட்டில் மலைக்குகைக்குள் போய்ப் போட்டோ எடுக்கிறவர்களுக்கும் வேண்டும். அந்த இருட்டுக்கு இப்போதைய மின்னணு ஃப்ளாஷ் பற்றாது என்பார்கள்.

அச்சங்குளம் ரோட்டில் எனக்குத் தனி ஷெட் போட்டுக் கொடுத்தார் முதலாளி. கண்ணாடிக் குமிழை வடக்கேயிருந்து வரவழைத்தேன். உள்ளே முடியைவிட மெல்லிய உலோக இழை, அதைச் சுற்றி ஆக்சிஜன், வாயை உருக்கி மூடிவிட வேண்டும். முதல் பல்பு எரிந்தபோது ஷெட்டுக்குள் ஒரு கணம் நிழலே இல்லை. மேசைக்கடியில், மூலையில், என் சட்டைப் பைக்குள் எல்லாம் வெளிச்சம். சத்தமே இல்லை. என் ஐம்பது வருட வாழ்க்கையில் நான் செய்த ஒரே அழகான பொருள் அது.

குறை ஒன்றுதான். சூட்டில் கண்ணாடி தெறித்தது. பத்துக்கு நாலு பல்பு தூள்தூளாகச் சிதறியது. கையில் பிடிக்க முடியாத பல்பை எவன் வாங்குவான்? கண்ணாடிமேல் ஏதாவது பூச்சு கொடுக்க வேண்டும். ஏழு மாதம் என்னென்னவோ பூசிப் பார்த்தேன். ஒன்று மஞ்சளடித்தது. ஒன்று உரிந்தது. ஒன்று தானே தீப்பிடித்தது.

மாரிச்செல்வியை என் ஷெட்டுக்கு அட்டைப்பெட்டி மடிக்க அனுப்பியிருந்தார்கள். முப்பது வயதிருக்கும். வெம்பக்கோட்டைப் பக்கம் கிராமம். அதற்கு முன்னால் காலண்டர் பிரஸ்ஸில், அட்டைக்கு வார்னிஷ் ஏற்றும் பிரிவில் எட்டு வருடம் இருந்தவள். ஒருநாள் உடைந்த கண்ணாடியைக் கூட்டிக்கொண்டே, "சார், கோவிச்சுக்கிடாதீக, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றாள்.

"கேளு."

"நாங்க காலண்டர் அட்டைக்கு அடிப்போம்லா, லைட்டுக்கடியில விட்டா நொடியில காயுமே, அந்த வார்னிஷை இதுக்கு அடிச்சா என்ன?"

அது காகிதத்துக்கு, இது கண்ணாடி என்று சொன்னேன். மறுநாள் அவள் பழைய பிரஸ்ஸிலிருந்து ஒரு டப்பா வார்னிஷ் கேட்டு வாங்கி, சாப்பாட்டுப் பையில் வைத்துக் கொண்டுவந்தாள். முதல் கோட்டு முழுசாகக் காய்வதற்கு முன், விரலில் லேசாக ஒட்டும் பதத்திலேயே இரண்டாவது கோட்டு. அதே பதத்தில் மூன்றாவது. "அப்பத்தான் ஒண்ணோட ஒண்ணு பிடிக்கும் சார். காயவிட்டு அடிச்சா தனித்தனித் தோலா நிக்கும்" என்றாள்.

பத்து பல்பு எரித்தோம். பத்திலும் கண்ணாடி உள்ளுக்குள் நூறாக விரிசல் விட்டது. ஒரு துணுக்கு வெளியே வரவில்லை. அவள் ஒன்றை எடுத்துக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்துச் சிரித்தாள். நான், "பரவாயில்லை, இன்னும் பார்க்கணும்" என்று சொல்லிவிட்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றேன்.

நீங்களே யோசித்துப் பாருங்கள். வார்னிஷ் அவள் கண்டுபிடித்ததல்ல. எந்தப் பிரஸ்ஸிலும் இருக்கிறது. என் பல்பு இல்லையென்றால் அந்த வார்னிஷ் இன்னொரு காலண்டரில் இன்னொரு முருகன்மேல் பளபளத்துக்கொண்டிருக்கும். காப்புரிமை விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை மட்டும் எழுதினேன். கட்டத்தில் இன்னும் இடம் இருந்தது என்பது வேறு விஷயம்.

ஆயுத பூஜையன்று முதலாளி எல்லோர் முன்னாலும் எனக்கு மாலை போட்டார். "நம்ம பாலகுரு பேருல பேட்டண்ட் போட்டிருக்கோம்" என்றார். மாரிச்செல்வியும் கை தட்டினாள். ஒரு வாரம் கழித்து வந்து, "சார், அதுல என் பேரும் இருக்குல்லா?" என்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டாள்.

"சேர்த்துக்கலாம்மா" என்றேன்.

"என் மக பள்ளிக்கூடத்துல சொல்லிட்டா சார், எங்கம்மாதான் கண்டுபிடிச்சான்னு. டீச்சர் நம்பலையாம்."

அதோடு விட்டிருந்தால் நான் மறந்திருப்பேன். பிப்ரவரியில் மறுபடி வந்தாள். கையில் நாற்பது பக்க நோட்டு. தேதி, எத்தனை கோட்டு, எத்தனை நொடி காயவைத்தது, பல்பு என்ன ஆனது என்று முதல் நாளிலிருந்து எழுதி வைத்திருந்தாள். அப்படி எழுதச் சொல்லி நான் சொன்னதே இல்லை. "எங்க தெருவுல ஒரு வக்கீலக்கா இருக்காக சார். இந்த நோட்டை அனுப்பிவச்சா பேரைச் சேத்துக்கிடுவாகளாம்."

"கொடு, நானே அனுப்புகிறேன்."

அவள் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். "ஜெராக்ஸ் எடுத்துத் தாரேன் சார்" என்றாள்.

இருபத்தோரு வருடத்தில் என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. மரியாதையாகத்தான் பார்த்தாள். அந்த மரியாதைக்குப் பின்னால் நோட்டைக் கொடுக்கக் கூடாது என்கிற எண்ணம் இருந்தது.

இனி மார்ச் மாதம். சென்னைப் பார்ட்டி ஒரு வாரம் கழித்து நேரில் பார்க்க வருவதாக ஏற்பாடு. பல்பைக் கைவிளக்கில் மாட்டி, முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்து எரித்துக் காட்டுவது மாரிச்செல்வியின் வேலை. ஒரு பெண் அத்தனை பக்கத்தில் பிடித்து எரிக்கிறாள் என்றால் பூச்சின்மேல் வேறு என்ன சாட்சி வேண்டும்? அதற்காக ஒரு வாரம் தினமும் ஒத்திகை பார்த்தாள். அவள் பாதுகாப்புக் கண்ணாடி போடவில்லை என்று உங்களிடம் சாட்சியம் சொன்னேன். அது சரிதான். கண்ணாடி போட்டுக்கொண்டு எரித்தால் நமக்கே நம் சரக்கில் நம்பிக்கையில்லை என்று பார்ட்டி நினைப்பார்கள், கழற்றிவிட்டு, வெளிச்சம் கூசாமல் கண்ணைச் சுருக்கிப் பழகு என்று அவளிடம் சொன்னவன் நான். அது சாட்சியத்தில் விட்டுப்போயிற்று.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பார்ட்டி வந்தார்கள். முதலாளி இளநீர் வெட்டச் சொன்னார். மாரிச்செல்வி புதுச்சேலை கட்டியிருந்தாள். பல்பை மாட்டினாள். பொத்தானை அழுத்தினாள். வழக்கமான வெளிச்சம். அதோடு தகரத்தில் சரளை விழுந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். அவள் கத்தவில்லை. "சார், லைட்டைப் போடுங்க" என்றாள். ஷெட்டுக்குள் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

பெட்டியில் ஒரு கோட்டு மட்டும் அடித்த பல்பு எப்படியோ கலந்துவிட்டது என்று உங்கள் அறிக்கை சொல்கிறது. ஒரு கோட்டும் மூன்று கோட்டும் பார்வைக்கு ஒன்றுதான். இரண்டும் ஒரே மாதிரி மினுங்கும். ஆனால் அது தானாகக் கலக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை யாரும் இல்லாதபோது ஷெட்டுக்குப் போய் ஒரு கோட்டு அடித்த பல்பு ஆறு செய்தேன்.

அவள் பெட்டியில் அவற்றை நான் மாற்றி வைத்தது வியாழக்கிழமை மட்டுமல்ல. திங்கட்கிழமை ஒன்று வைத்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஒரு கோட்டு என்றால் பூச்சே இல்லாத மாதிரிதான், பத்துக்கு நாலுதான் தெறிக்கும் என்று முன்பே சொன்னேன் அல்லவா? ஆறு பங்கு அவள் பக்கம் இருந்தது. எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு வைத்தேன். அவையும் நல்லபடியாக எரிந்தன. "நம்ம பல்பு ராசியான பல்பு சார்" என்றாள். புதன்கிழமை அவள் மகளுக்குக் காய்ச்சல் என்று வரவில்லை. வியாழக்கிழமை மீதி மூன்றையும் வைத்தேன். முதல் பல்பிலேயே முடிந்துவிட்டது. நான் அவளுக்குத் தீங்கு செய்தேன் என்று சொல்வதைவிட, நான்கு வாய்ப்பில் மூன்று முறை அவளைத் தப்பவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

வேனில் அவளை ஏற்றும்போது பையைக் கேட்டாள். அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தவன் நான்தான். நோட்டை எடுத்துவிட்டுக் கொடுத்தேன்.

உங்கள் விசாரணையில் அவள் அவசரத்தில் கோட்டு விட்டிருப்பாளா என்று கேட்டீர்கள். "மகளுக்குக் காய்ச்சல். மனசு வேலையில் இல்லாமல் இருந்திருக்கலாம்" என்றேன். பொய் சொல்லவில்லை. இருந்திருக்கலாம் என்றுதான் சொன்னேன்.

மாதம் இருமுறை அவள் வீட்டுக்குப் போய் வருகிறேன். அவள் கணவன் ஜெயபாண்டி ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் லோடு அடிப்பவன். இப்போது அவளைக் கவனித்துக்கொள்ள அரைநாள்தான் வண்டி ஓட்டுகிறான். "கம்பெனில இருந்து நீங்க ஒருத்தருதான் சார் வாரீக" என்று நாற்காலியைத் துடைத்துப் போடுவான். போன தடவை மாரிச்செல்வி என் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பிச் சொன்னாள்:

"நெனச்சு நெனச்சுப் பாத்தேன் சார். மூணு கோட்டும் நான் அடிச்சேன்னுதான் ஞாபகம். எங்கனயோ தப்புப் பண்ணியிருக்கேன். என் கோட்டிங்தான் சரியில்ல. நல்லவேளை நீங்க என் பேரைச் சேக்கல. உங்க பேரைக் கெடுத்துட்டேன்."

"அதையெல்லாம் நினைக்காதேம்மா" என்றேன். அவள் மகள் கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அப்போதும் இதைச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை.

எண்ணம் மாறியது போன திங்கட்கிழமை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஷெட்டைப் பூட்டப் போவதாகச் சொன்னார். "பார்ட்டி பயந்துட்டாக. அந்த வார்னிஷ் நம்புற சரக்கு இல்லன்னு அறிக்கையிலேயே இருக்கு. எதுக்குய்யா இந்தப் பாவம் நமக்கு? விண்ணப்பத்தையும் வாபஸ் வாங்கிரலாம்."

நான் வாதாடிப் பார்த்தேன். அவர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து உங்கள் அறிக்கையை மறுபடி படித்தேன். 'எத்தனை கோட்டு என்று பார்வைக்குத் தெரியாததால் பூச்சு முறை நம்பகமற்றது' என்று ஒன்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அது தவறு. அந்தப் பூச்சு ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. அன்றைக்கு அவள் கையில் இருந்த பல்பில் அந்தப் பூச்சே இல்லை. ஒரு கோட்டுதான் இருந்தது, அதை அடித்தவன் நான். ஆறு பல்பில் எரியாத இரண்டு என்னிடம் இருக்கின்றன. ஆய்வுக்கூடத்தில் கொடுத்துச் சோதித்துக்கொள்ளுங்கள்.

மாரிச்செல்வியின் நோட்டையும் இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்று கோட்டு அடித்து இருநூற்றுப் பதினான்கு பல்பு எரித்திருக்கிறாள். ஒன்றுகூடத் தெறிக்கவில்லை. இதைவிடப் பெரிய அத்தாட்சி இருக்க முடியாது. நான் சொல்லச் சொல்ல அவள் எழுதியது என்று குறித்துக்கொண்டால் போதும். இதனால் அவள் மனதில் இருக்கும் பாரமும் இறங்கும். அவள் தப்புச் செய்யவில்லை என்று இனி அவளிடம் சொல்லலாம். இத்தனை நாள் போய்வந்ததற்கு இந்த உதவியையாவது அவளுக்குச் செய்ய முடிந்ததே என்று எனக்குத் திருப்தி.

எனக்கு என்ன தண்டனை என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள். அதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கப் போவதில்லை. ஒன்பதாம் பக்கத்தை மட்டும் திருத்தி, ஒரு நகலைச் சென்னைக்குக் காப்புரிமை அலுவலகத்துக்கு அனுப்பிவையுங்கள். கண்டுபிடித்தவர் என்ற கட்டத்தில் ஒரே பெயர்தான் இருக்கும். எழுத்துப் பிழை இல்லாமல், அ. பாலகுரு.