பூட்டிக்கொண்ட வார்த்தை

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு காலை, கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் போகும் கொமுட்டர் ரயிலில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். மூத்தவர் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்:

“‘பிரெஸ்ட்’னு தட்டினா எங்க வீட்டு கம்ப்யூட்டர் பூட்டிக்கும், தெரியுமா?”

பக்கத்தில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். இளையவர் சிரித்துவிட்டார். “ஏன்க்கா?”

“பிள்ளைங்க கண்ட படத்தையும் பார்த்துடக் கூடாதுன்னு வீட்டுக்காரர் ஒரு சாஃப்ட்வேர் போட்டிருக்கார். சில வார்த்தைய தட்டினா இன்டர்நெட் பூட்டிக்கும். எனக்கு மார்புல ஒரு கட்டி. யார்கிட்டயும் சொல்லாம நானே படிச்சுப் பார்க்கலாம்னு உட்கார்ந்தேன். பூட்டிக்கிச்சு லா.”

இளையவரின் சிரிப்பு நின்றது. “அப்புறம்?”

“பாஸ்வர்ட் அவர்கிட்டதானே இருந்துச்சு. போய்க் கேட்டேன். எதுக்குன்னார். அழுதுட்டேன். மறுநாளே லீவு போட்டு ஹாஸ்பிட்டலுக்குக் கூட்டிட்டுப் போனார். வெறும் நீர்க்கட்டிதான், பயப்பட வேணாம்னுட்டாங்க.”

“நல்லவேளைக்கா! இனிமே அந்த சாஃப்ட்வேர் எதுக்கு? எடுத்துடச் சொல்லுங்க.”

“ஏன் எடுக்கணும்? பிள்ளைங்களுக்கு அது இருக்கட்டும். பாஸ்வர்டை நான் கேட்டு வாங்கிட்டேன்.”