கயிறு மாற்றிக் கட்டிய கைகளுக்கு

சிதம்பரம் தாய் சேய் ஊட்டச்சத்துக் கள ஆய்வு நிலையத்தின் தலைமை ஆய்வாளராய், நாற்காலியில் அமர்ந்த பொழுதினும் வரப்பிலும் வண்டலிலும் நடந்த பொழுதே மிகுதியாய்ப் பணியாற்றி, இன்று 2012 மே முப்பத்தொன்றாம் நாள் பணிநிறைவு பெறும் முனைவர் அருள்மொழி அம்மையார் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளங்கசிந்து வாசித்தளிக்கும் மடல்.

அன்பின் உருவே! ஆய்வின் திருவே! செம்மண்டலத்து வீட்டில் அடுப்பணைத்த கையோடு முதல் பேருந்தைப் பிடித்து, காட்டுமன்னார்கோயில் வயலோரமும் பிச்சாவரம் உப்பங்கழியோரமும் கருவுற்ற மகளிரின் கதவு தட்டிய தகைமையே! பசித்த தாயின் முகம் பார்த்தே பிள்ளையின் எடை சொல்லும் பேராற்றலே!

இப்படி எழுதினால் தங்களுக்குப் பிடிக்காது. "அடுக்குமொழியெல்லாம் வேணாம் உத்திராபதி, படிக்கிறவங்களுக்கு மூச்சு வாங்கும்" என்று போன வாரமே என்னிடம் சொல்லிவிட்டீர்கள். ஆனாலும் மடல் என்றால் மடல்தான். இரண்டு வரி பொறுத்துக்கொண்டீர்கள், நன்றி.

மடலுக்கு இசையவே ஒரு நிபந்தனை விதித்தீர்கள். சுவேதாவைச் சொல்லாமல் தங்களைப் பற்றி ஒன்றும் சொல்லக் கூடாது என்றீர்கள். குத்துவிளக்கு எரியும் மேடையில் ஒரு குழந்தையின் சாவைச் சொல்ல நாக்கூசுகிறது. ஆயினும் இது தங்கள் கட்டளை.

கடல் வந்து குப்பங்களை வாரிக்கொண்டுபோன மறு ஆண்டு இந்த ஆய்வு தொடங்கியது. தாய் என்ன தின்றால் சேய் தேறும் என்பதே நம் கேள்வி. மாதக் கடைசி வியாழக்கிழமைகளில் கழியோரக் குப்பத்துச் சமுதாயக் கூடத்தில் குழந்தைகளை எடை போட்டு, எல்லாரும் கேட்க உரக்கச் சொல்வோம். எடை ஏறிய பிள்ளைக்குக் கைதட்டல், ஏறாத பிள்ளைக்குக் கூடுதல் சத்துமாவு. நல்ல ஏற்பாடு என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம்.

படகோட்டி சிங்காரத்தின் மனைவி முத்தம்மாளின் மகள் சுவேதாவுக்கு இரண்டு மாதம் எடை ஏறவில்லை. கூடத்தில் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "பால் வத்துனவளக் கட்டிக்கிட்டு வந்தான் எம் மவன். அடுத்த மாசமும் ஏறலன்னா ஒங்காத்தா ஊட்டுக்குப் போயிடு" என்று மாமியார் பட்டம்மாள் எல்லார் முன்னிலையிலும் சொன்னார். அடுத்த மாதம் ஏறியது. அதற்கடுத்த மாதங்களிலும் ஏறியது. கைதட்டினோம். கூடுதல் மாவை நிறுத்தினோம்.

2007 ஐப்பசி மழையில் வயிற்றுப்போக்கு வந்து, இரண்டே நாளில் சுவேதா போய்ச் சேர்ந்தாள். தாங்கள் ஓடிச் சென்றபோது குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். அரைஞாண் கயிற்றை அறுத்ததும், அதில் தொங்கிய துணி முடிச்சு அவிழ்ந்து, வலையில் கோக்கும் ஈயக்குண்டுகள் தரையில் உருண்டன. எடை ஏறியதாய்க் காட்ட, மாதத்துக்கு ஒன்றாய்ச் சேர்த்திருந்தாள் தாய். பிள்ளையின் இடுப்பு வெறுமையாய் இருக்கக் கூடாது என்பது ஊர் வழக்கம், மந்திரித்த முடிச்சை அன்னியர் தொடக் கூடாது என்பதும் வழக்கம். ஆகவே நம்மில் எவரும் அந்தக் கயிற்றைத் தொட்டதே இல்லை.

ஊரே முத்தம்மாளை ஏசியது. தாங்கள் மட்டும் அந்த ஈரத் தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "அவளத் திட்டாதீங்க. நாம கைதட்டப் போயிதான் அவ ஈயத்தக் கட்டுனா" என்றீர்கள். அம்மையீர், அன்று தங்கள் குரல் உடைந்ததைக் கேட்டவர்கள் இந்த அரங்கில் இருக்கிறோம்.

நிலையத்தில் கணக்கு பார்க்கும் நண்பர் ஞானசேகரன், "தப்பான அளவுங்க மேடம், ஆய்வுலேருந்து எடுத்துடலாம்" என்றார். "செத்த புள்ளைய எப்பிடிங்க எடுக்குறது?" என்று கேட்டீர்கள். சுவேதாவை உள்ளபடியே வைத்து, நம் முறையே அவளைக் கொன்றது என்று ஆண்டறிக்கையில் எழுதி, அறிஞர் அவையில் தாங்களே வாசித்தீர்கள். வாசித்து முடித்தபோது ஒருவரும் கைதட்டவில்லை. தட்டாதது நல்லது என்றீர்கள்.

அதன்பின் உரக்கச் சொல்வது நின்றது. எடைத்தட்டைச் சுற்றிப் புடவைத் திரை கட்டி, எடையைத் தாயின் காதில் மட்டும் சொன்னீர்கள். தங்கள் கைப்பையில் எப்போதும் ஒரு கறுப்புக் கயிற்றுக்கண்டு இருக்கும். முதலில் புதுக் கயிற்றைக் கட்டிவிட்டு, பிறகே பழையதைத் தாயின் கையாலேயே அவிழ்க்கச் சொல்வீர்கள். ஒரு நொடியும் இடுப்பு வெறுமையாவதில்லை, எந்தத் தாயும் மறுப்பதில்லை. நாலரை ஆண்டாகக் கழியோரத்துக் குழந்தைகள் தங்கள் கையால் கயிறு மாறாமல் தட்டில் ஏறியதில்லை.

போன ஐப்பசியில் முத்தம்மாளுக்குச் சேரன் பிறந்தான். மார்கழியில் தானே புயல் வந்து கூரையைப் பிடுங்கிக்கொண்டது, சிங்காரத்தின் படகையும் உடைத்தது. அந்த வீட்டில் அடுப்பெரிவதே அரிதாயிற்று. பிள்ளை தேறுவானா என்ற கவலை தங்களைத் தூங்கவிடவில்லை. ஓய்வூதியத் தாள்களில் ஒப்பமிடும்போதும் சேரனைத்தான் விசாரித்தீர்கள்.

இந்தப் பத்தி அச்சில் இல்லை, இன்று மதியம் கையால் எழுதிச் சேர்த்தது. இன்று கடைசி வியாழக்கிழமை என்பதால் விழாவை மாலைக்குத் தள்ளச் சொல்லிவிட்டுக் குப்பத்துக்குப் போனீர்கள், நாங்களும் வந்தோம். சேரனுக்கு எடை ஏறவில்லை. இந்தச் செய்தியை நல்லதாக மாற்றிச் சொல்ல எங்களால் ஆகாது. தாயின் காதில் மெல்லச் சொன்னீர்கள். முத்தம்மாள் திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கூடியிருந்த பெண்கள் நடுவில் நின்று, "எம் புள்ளைக்கு எட ஏறல. மாவு குடுங்க" என்று சத்தமாகக் கேட்டாள். பட்டம்மாள் எழுந்தார். என்ன சொல்லப் போகிறாரோ என்று பதறினோம். அவர் மாவு வாங்கத் தூக்குவாளியை நீட்டினார்.

பொன்னாடை வேண்டாம் என்றீர்கள். ஆகவே ஒரு கயிற்றுக்கண்டை அளிக்கிறோம். "ரிட்டயரானா என்னாங்க, அடுத்த மாசமும் அவுங்கதான் கட்டணும்" என்று முத்தம்மாள் சொல்லியனுப்பியிருக்கிறாள். சேரன் தட்டிலிருந்து தானே இறங்கி ஓடுவதைத் தாங்கள் பார்க்க வேண்டும். அதைப் பார்த்த பின்னும் நெடுங்காலம், நோயின்றி, நல்லுறக்கத்தோடு வாழ வேண்டும்.

இங்ஙனம்,
மடல் வரைந்த உத்திராபதியும்
நிலையத்தின் அனைத்துப் பணியாளர்களும்,
சிதம்பரம்.