ஏழாவது அடுக்கு

பிப்ரவரி மாதம் ஃபிளாக்ஸ்டாஃப் ஊரில் ஒரு ஜீப்பைக் கிளப்புவது பெரும்பாடு. அன்றைக்கு என்னுடையது முதல் திருகலிலேயே கிளம்பிவிட்டது. கிளம்பாமல் இருந்திருந்தால் நான் இடுப்புக்கு வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருப்பேன். இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஆபீசர் ட்சோசி. கங்கணம் கட்டிக்கொண்டு போனவன் இல்லை நான்.

என் பெயர் ஹார்லன் க்விஸ்ட். வயது ஐம்பத்தெட்டு. நிலவின் தரையை வரைபடமாக்குவது என் வேலை. இந்த வருஷம் ஜூலையில்தான் ஆட்கள் அங்கே போய்க் கால் வைத்துவிட்டு வந்தார்கள். அதுவரை எங்களுக்கு இருந்ததெல்லாம் புகைப்படங்கள். அந்தப் படங்களில் ஒரு சங்கடம் உண்டு. வெயில் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்று தெரியாமல் பார்த்தால் பள்ளமும் மேடும் ஒன்றாகத்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் சிவப்புக் காகிதத்தில் ஓர் அம்பு வெட்டி ஒட்டிவிடுவோம். வெயில் அந்த அம்பின் போக்கில் விழுகிறது என்று அர்த்தம். ஒட்டியவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. கேட்க ஆரம்பித்தால் வேலை ஓடாது.

நாலு வருஷத்துக்கு முன்னால் என் பெயர் வெளியே தெரிந்தது பதினோரு கூம்புகளால். நிலவின் சமவெளி ஒன்றில் வரிசையாக நிற்கும் பதினோரு குட்டி எரிமலைகள். கண்டுபிடித்தவன் நான். கூட்டங்களில் என்னை நடுநாற்காலியில் உட்கார வைத்தார்கள். அதற்கு முன் இருபது வருஷம் கதவோரம் உட்கார்ந்தவன் நான் என்பதை நீங்கள் மறக்கக் கூடாது.

லவான் ஷம்வே எங்கள் அலுவலகத்தில் வரைபடத்துக்கு நிழல் தீட்டுகிறவள். முப்பத்து நாலு வயது. காற்றில் மையைத் தூவும் குழாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, பார்த்தால் கை வைத்துத் தடவத் தோன்றும்படி மலைகளை எழுப்பிவிடுவாள். அவர்கள் சர்ச்சில் காப்பி ஆகாது. எலுமிச்சை பிழிந்த வெந்நீரைக் குடித்துக்கொண்டே வேலை செய்வாள். நல்ல பெண். அவளைப் பற்றி நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஒரு புதன்கிழமை என் மேசைக்கு வந்து நின்றாள்.

"க்விஸ்ட் சார், உங்க கூம்புப் படத்துல அம்பு தலைகீழா ஒட்டியிருக்கு."

"யார் சொன்னது?"

"ஓரத்துல இருக்கிற மலையோட நெழல் சொல்லுது. அது கூம்பு இல்ல சார். பதினொண்ணும் குழி. அடியில லாவா ஓடி வடிஞ்ச குகை இருந்திருக்கணும். கூரை அங்கங்க இடிஞ்சு விழுந்திருக்கு."

பார்த்தேன். குழிதான். அந்த அம்பு தெரியாமல் நடந்த பிசகு. இதை நீங்கள் நம்பலாம்.

"நான் யார்கிட்டயும் மூச்சு விடல. திங்கக்கெழமை நீங்களே ஆபீஸ் பெரியவர்கிட்ட சொல்லிடுங்க. நீங்க சொன்னா அது திருத்தம். நான் சொன்னா உங்களுக்குத்தான் அசிங்கம்."

இவ்வளவு நல்லவளாக ஒருத்தி எதற்காக இருக்க வேண்டும்? அதுதான் எனக்கு உறுத்தியது. அன்றிலிருந்து அவளைக் கவனித்தேன். நான் வந்தால் இழுப்பறையை மூடினாள். வெள்ளிக்கிழமை போனில் தாழ்ந்த குரலில் பேசினாள். 'திங்கக்கெழமை', 'பிடுங்கித்தான் ஆகணும்' என்று காதில் விழுந்தது. என் நாற்காலியைத்தான் சொல்கிறாள் என்று எனக்குத் தோன்றியது. பல் டாக்டரிடம் பேசினாள் என்று அடக்கத்தின்போது அவள் அம்மா சொல்லித் தெரிந்தது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

வெள்ளி மதியமே அவளிடம் சொன்னேன். "நாளைக்கு லாவாக் காட்டுக்கு வர்றியாம்மா? அங்கயும் இதே மாதிரி ஒரு வரிசை இருக்கு. அளந்து பார்ப்போம். எனக்கே மனசுல பட்டுடுச்சுன்னா திங்கக்கிழமை நானே சொல்லிடறேன்."

அவள் முகம் மலர்ந்தது. "அப்பாடா. ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்ல சார்."

ஊருக்கு வெளியே பழைய எரிமலைக் குழம்பு உறைந்து கிடக்கும் அந்த இடத்தை எனக்குப் பத்து வருஷமாகத் தெரியும். வரிசையின் கடைசியில் கூரை இன்னும் விழாத ஓர் இடம் இருக்கிறது. லேசான தொய்வுதான், தட்டு மாதிரி. கோடையில் அதன் விரிசலில் கையை வைத்தால் கீழேயிருந்து குளிர்காற்று வரும். என் பழைய குறிப்பேட்டில் 'கால் வைக்காதே' என்று எழுதி அடிக்கோடும் போட்டிருக்கிறேன். விமானத்திலிருந்து அந்த இடத்தை எடுத்த படமும் என்னிடம் இருந்தது. மரம் ஒன்றுகூட இல்லாத துண்டாகப் பார்த்து வெட்டினேன். மரம் இருந்தால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும். ஓரத்தில் அம்பை மாற்றி ஒட்டினேன். தொய்வு இப்போது மேடாகத் தெரிந்தது. இறுகிய பாறை மேட்டில் ஒரு லாரியையே நிறுத்தலாம் என்று எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே ஒரு சாண் பனி. எல்லாம் ஒரே வெள்ளை, ஏற்றமும் தெரியாது இறக்கமும் தெரியாது. அவள் படத்தைப் பார்த்தாள், அம்பைப் பார்த்தாள், அளவுக் கம்பை எடுத்துக்கொண்டு நடந்தாள். என் இடுப்பு சரியில்லாததால் நான் தூரம் பார்க்கும் அளவைக் கருவியோடு ஜீப் அருகே நின்றேன். எங்கள் வழக்கத்தில் கருவியைப் பார்க்கிறவன் வாய் பேச மாட்டான், கை காட்டுவான். கம்பு பிடிக்கிறவர் அந்தக் கையைத்தான் பார்ப்பார், தன் காலைப் பார்க்க மாட்டார். நான் இடது என்று காட்டினேன். இன்னும் இடது. இன்னும் கொஞ்சம்.

சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஓரம் வரை மெதுவாகப் போனேன். ஆழம் முப்பது அடி இருக்காது. கீழே இருட்டில் அவள் குரல் கேட்டது.

"சார், கால் ஒடஞ்சு போச்சு போலிருக்கு. கயிறு போடுங்க."

"போடறேன்மா. அதுக்குள்ள சுவர் எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லு."

வலியிலும் சிரித்தாள். "இந்த நேரத்துலயுமா? உங்கள மாதிரி ஒரு ஆள் எங்க சார் கெடைப்பாங்க. சரி, அடியிலேருந்து சொல்றேன், எழுதிக்குங்க."

பேச்சுக் கொடுத்தால் அவளுக்குப் பயம் தெரியாது என்று நினைத்தேன். நிலவின் சமவெளி ஒரே மூச்சில் கொட்டிய குழம்பு என்கிறார்கள் சிலர். இல்லை, அடுக்கடுக்காக ஓடி உறைந்தது, ஒரு பள்ளத்தின் சுவரைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று நான் சொல்லிவந்தேன். இங்கே ஒரு புதுச் சுவர் அப்போதுதான் திறந்திருந்தது. கையில் விளக்கு வைத்திருந்தாள். மிக நன்றாகச் சொன்னாள். முதல் அடுக்கு இரண்டு முழம், குமிழ்கள் நிறைய. இரண்டாவது இறுகியது. மூன்றாவதின் தலையில் நாலு விரல் கனத்துக்குச் செங்கல் நிறத்தில் வெந்த மண். நடுநடுவே பல் கிட்டியது, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். ஏழாவதை முடித்துவிட்டு விளக்கை மேலே என் பக்கம் திருப்பினாள்.

"சார், அந்தப் படத்துல அம்பு ஒட்டுனது யாரு?"

"எட்டாவது எப்படிம்மா இருக்கு?" என்று கேட்டேன்.

எட்டாவதை அவள் சொல்லவில்லை. பிறகு என்னைக் கூப்பிடவும் இல்லை, அவள் அம்மாவைத்தான் கூப்பிட்டாள். பன்னிரண்டே முக்காலுக்குக் கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். பாதையில் வழுக்கல், நிதானமாகத்தான் ஓட்டினேன். நீங்கள் உள்ளே இறங்கும்போது மூன்றரை. விழுந்த அடியில் சாகவில்லை, குளிரில்தான் போனாள் என்று டாக்டர் சொன்னார். கயிறு ஜீப்பின் முன் உருளையில் சுற்றியிருந்தது. அறுபது அடிக் கயிறு.

விழுந்ததுமே ஊருக்கு ஓடி வந்தேன் என்று அன்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். வரைபடம் மார்ச்சில் அச்சானது, பதினோரு கூம்புகளும் அதில் இருக்கின்றன. அந்தச் சுவரின் ஏழு அடுக்குகளைப் பற்றிய என் கட்டுரை ஆகஸ்டில் வந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நீங்கள் என் வீட்டுக்கு வந்தீர்கள். நான் தபாலென்று நினைத்துக் கதவைத் திறந்தேன்.

"அந்தக் குழி பானை மாதிரி சார். மேலேயிருந்து எட்டிப் பாத்தா சுவரே தெரியாது. உள்ள எறங்குனது நானும் அந்தப் பொண்ணும்தான். அவ நோட்டு ஜீப்புல கெடந்துச்சு. செங்கல் கலர் மண்ணை நான் கண்ணால பாத்தேன். நீங்க எப்படிப் பாத்தீங்க?"

ஆறு மாதம் விசாரித்த பெரிய ஆட்களுக்கு எட்டாதது, ஆடு மேய்க்கும் குடும்பத்திலிருந்து வந்த உங்களுக்கு எட்டியது. எனக்கு அதில் கோபம் இல்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். கொன்றவன் என்று எழுதுங்கள், பொய்யன் என்று எழுதுங்கள். நன்றி கெட்டவன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தக் கட்டுரையின் கடைசியில் நன்றி சொன்ன இடத்தைத் திறந்து பாருங்கள், அவள் பெயரைத்தான் முதலில் போட்டிருக்கிறேன்.