பின்னணியில் ஓடுபவை

உங்கள் கம்ப்யூட்டர் திறக்க இவ்வளவு நேரம் எடுக்கக் கூடாது, டாக்டர். நான் வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, ஜன்னல் திரையில் இருக்கும் பூக்களையும் பார்த்து முடித்துவிட்டேன். அந்த வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இயந்திரத்தில் குறை இல்லை. யாரோ ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் போட்டதும் வேலை முடிந்தது என்று எழுந்து போயிருக்கிறார்கள். போடுவது பாதி வேலைதான். மீதிப் பாதிக்குத்தான் என் கடைக்கு ஆட்கள் வருகிறார்கள்.

கேட்காமலே வந்து ஒட்டிக்கொள்ளும் புரோகிராம்களை முதலில் நீக்குவேன். கம்ப்யூட்டர் விழித்ததும் முண்டியடித்துக்கொண்டு எழுபவற்றை நிறுத்துவேன். மூலையிலிருந்து எட்டிப் பார்த்து நச்சரிக்கும் அறிவிப்புகளின் வாயை அடைப்பேன். எழுத்தைக் கண்ணுக்கு ஏற்றபடி பெரிதாக்குவேன். கடைசியாக எனக்கென்று ஒரு கணக்கு, முகப்பில் தெரியாதபடி. கோளாறு என்று போன் வந்தால் கடையில் இருந்தபடியே உள்ளே போய்ச் சரிசெய்யத்தான். வாடிக்கையாளர்களிடம் சொல்லிவிட்டுத்தான் அதைச் செய்வேன். என் தங்கையிடம் சொல்லவில்லை. வீட்டுக்குள் என்ன சொல்ல வேண்டியிருக்கிறது?

சின்னவளை நான்தான் வளர்த்தேன். அம்மா போனபோது அவளுக்குத் தானாகத் தலை பின்னக்கூடத் தெரியாது. பிறகு படித்து, வீட்டிலிருந்தே துணிக் கம்பெனிகளுக்கு டிசைன் வரைந்து கொடுக்கும் அளவுக்கு வந்தாள். புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பெட்டியைக் கூடப் பிரிக்காமல் என் மேசையில் வைத்தாள்.

"உன் கை பட்டாத்தாங்க்கா இது உருப்படும்" என்றாள்.

அந்தக் கம்பெனிகளில் ஒன்றில் வேலை பார்ப்பவன் நெட்டை. அவள் வைத்த பெயர். வேறு ஊர்க்காரன். ஒரு முறை வீட்டுக்கு வந்தவன் நிலைப்படியில் தலையை இடித்துக்கொண்டான். "ஒட்டடைக் குச்சி, குனிஞ்சு வாடா" என்று அவள் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அவளிடம் நான் அதுவரை கேட்டதில்லை. அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தேன். நல்ல பையன்தான். அவன் போன பிறகு, "கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கும் அங்கேயே வேலை தர்றாங்களாம்க்கா" என்றாள். சந்தோஷம் என்றேன்.

மறுநாள் கடையிலிருந்து அவள் கம்ப்யூட்டருக்குள் போனேன். வேகம் குறைந்திருக்கிறதா என்று பார்க்கத்தான். அவனிடமிருந்து மெயிலுக்கு மேல் மெயில் வந்துகொண்டிருந்தது. அவ்வளவு வந்தால் யாரால் வேலையில் மனதை வைக்க முடியும்? அவன் எழுதுவதெல்லாம் அவள் கண்ணில் படாமல் ஓரமாகப் போய் விழும்படி ஒரு விதி போட்டேன். வேலை தருவதாகச் சொன்னவர்களின் மெயிலும் அதே ஓரத்துக்குத்தான் போனது. அவள் அவனுக்கு எழுதியவற்றை நிறுத்தி வைத்தேன். போனையும் நான்தானே செட் செய்து கொடுத்திருந்தேன். அவன் எண்ணுக்கும் அதே கதி.

பதிலே இல்லையென்றால் கிளம்பி வந்துவிடுவான். அதனால் அவள் பெயரில் நானே எழுதினேன். மனம் மாறிவிட்டது, மன்னியுங்கள், நன்றாக இருங்கள் என்று. மரியாதையாகத்தான் எழுதினேன்.

அவள் வாடினாள். அது தெரிந்ததுதான், கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று இருந்தேன். ஆனால் சின்னவள் மக்கு இல்லை.

"அக்கா, நான் தொடாமலே அம்பு நகருது."

"மவுஸ்ல தூசி இருக்கும்."

"படிக்காத மெயில் எல்லாம் படிச்ச மாதிரி காட்டுது."

"நீயே படிச்சிட்டு மறந்திருப்ப. ஒழுங்காத் தூங்கினாத்தானே?"

கேமரா மேல் பிளாஸ்டர் ஒட்டினாள். வேலை இல்லாத நேரத்தில் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். போனைத் துண்டில் சுற்றி அலமாரிக்குள் போட்டாள். பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் நிம்மதிக்காக, கண் முன்னாலேயே எல்லாவற்றையும் துடைத்துவிட்டு சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டேன். பக்கத்தில் நாற்காலி போட்டு என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "உனக்கு டீ கொண்டு வரேன்" என்று எழுந்து போனாள். மீதிப் பாதியை அப்போது செய்தேன்.

அடுத்த வாரம் அம்பு மறுபடி நகர்ந்தது. அன்றுதான் கேட்டாள்.

"அக்கா, நீயா?"

நான் அழுதேன். நடிப்பு இல்லை, டாக்டர். நிஜமாகவே அழுகை வந்தது. "அம்மா மேல சத்தியமா நான் இல்லடி" என்றேன். அவள் பதறிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் புத்திதாங்க்கா கெட்டுப்போச்சு. பெத்தவ மாதிரி இருக்கிற உன்னையே சந்தேகப்பட்டுட்டேன். என்னை யாராவது டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ."

உங்களிடம் கூட்டி வந்தேன். யாரோ தன்னைக் கவனிப்பதாகவும் தன் மெயில்களைப் படிப்பதாகவும் சொல்கிறாள் என்றேன். அப்படித்தானே சொன்னாள்? நீங்கள் வார்டில் சேர்க்கச் சொன்னீர்கள், கையெழுத்துப் போட்டேன்.

நெட்டை உங்களைப் பார்க்க வருவான் என்று நான் நினைக்கவில்லை. வராந்தாவில் என்னையும் நிறுத்திக் கேட்டான். "என்னைத் திட்டாம அவ ஒரு வரி எழுதினதில்லக்கா. திடீர்னு 'நன்றாக இருங்கள்'னு வருது. நிஜமாவே என்னை வேணாம்னா, 'ஒழிஞ்சு போடா ஒட்டடைக் குச்சி'ன்னுதானே எழுதியிருப்பா?" அதை நான் யோசித்திருக்க வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்த பையனை அப்படித் திட்டி எழுத எனக்குக் கை வராது.

நீங்கள் கேட்பது புரிகிறது. ஆமாம், எல்லாம் நான்தான். அம்பை நகர்த்தியதும் நான்தான். முதல் தடவை கைத்தவறு. அவள் பயந்து, வீட்டைப் பூட்டிக்கொண்டு கடைக்கு ஓடி வந்தாள். என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, சின்ன வயதில் செய்வதைப் போல என் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டாள். கடை சாத்தும் வரை விடவில்லை. அதன் பிறகு, அவள் வராத நாட்களில் மட்டும் நகர்த்தினேன்.

இன்று கதவுக் கண்ணாடி வழியாக அவளைப் பார்த்தேன். மாத்திரை போட்டுக்கொண்டு கட்டிலில் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். முகத்தில் ஒரு சலனம் இல்லை. நான் கையை ஆட்டினேன். கொஞ்சம் தாமதமாகத்தான் ஆட்டினாள், ஆனாலும் ஆட்டினாள். அந்தப் பையனை உள்ளே விடாதீர்கள். மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். நன்றாக ஓடிக்கொண்டிருப்பதில் யாராவது கை வைப்பார்களா, டாக்டர்?