டீ என்று சொன்னது விஸ்கி

பெயரும் விலாசமும் சென்ற பத்தாம் தேதி திங்கட்கிழமை நான் கொடுத்த முதல் வாக்குமூலத்தில் உள்ளபடியே. வயது அறுபத்து மூன்று முடிந்து அறுபத்து நான்கு நடக்கிறது. பொது மருத்துவமனை மருந்தகத்தில் முப்பத்தோரு வருடம் மருந்தாளுநராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன், மனைவியோடு வெளிநாட்டில் இருக்கிறான். எந்த மருந்தை ஊற்றினாலும் குனிந்து கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் பார்த்த பிறகுதான் கொடுப்பேன் என்பதால் மருத்துவமனையில் என்னை மில்லி மேடம் என்று கூப்பிடுவார்கள். தெருவிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. இன்று இருபத்திரண்டாம் தேதி சனிக்கிழமை காலை, யாரும் அழைக்காமல் நானாகவே நிலையத்துக்கு வந்து இந்தக் கூடுதல் வாக்குமூலத்தைக் கொடுக்கிறேன்.

முதல் வாக்குமூலத்தில் நான் சொன்ன ஒரு சொல் பொய். எங்கள் தெருத் தையல்காரம்மாவை எதிர் வீட்டு வெள்ளைக் கார் இடித்தபோது நானும் என் சம்பந்தியும் பால்கனியில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தோம் என்று சொல்லியிருந்தேன். அது டீ இல்லை. காரைப் பற்றியும் தண்ணீர் கேன் வண்டியைப் பற்றியும் சொன்ன மற்ற எல்லாம் உண்மை. அந்த ஒரு சொல்லை மாற்ற வேண்டி, நடந்ததை முதலிலிருந்து வரிசையாகச் சொல்கிறேன்.

சம்பந்தி என்று நான் குறிப்பிடுவது என் மருமகளின் அம்மாவை. பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். இதே தெருவில் ஆறு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். பிள்ளைகள் கல்யாணம் முடிந்த முதல் ஒன்றரை வருடம் நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் என் முகம் பாதி வெட்டுப்பட்டிருந்ததும், அந்தப் படத்தைத் தேர்ந்தெடுத்தவர் அவர் என்பதும்தான் காரணம். அதன் பிறகு பிள்ளைகள் வெளிநாடு கிளம்பிய அன்று விமான நிலையத்திலிருந்து இருவரும் ஒரே வாடகைக் காரில் திரும்ப வேண்டி வந்தது. பாதி வழியில் அவர் என் பக்கம் பார்க்காமலே கைக்குட்டையை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு அவர் என் வீட்டுக்கு வருவார், இல்லாவிட்டால் நான் அவர் வீட்டுக்குப் போவேன்.

சென்ற மாதம் அப்படி வந்தவர், கைப்பைக்குள்ளிருந்து துண்டில் சுற்றிய பாட்டில் ஒன்றை எடுத்து என் சாப்பாட்டு மேஜை மேல் வைத்தார். சீல் உடைக்காத விஸ்கி. அவரே கடைக்குப் போய் வரிசையில் நின்று வாங்கியிருந்தார்.

“எனக்கு முன்னாடி நின்னவன் என்கிட்டப் படிச்ச பையன். என்னைப் பாத்ததும் அட்டென்ஷன்ல நின்னுட்டான் சம்பந்தி” என்றார். அதன் பிறகு, “அறுபத்தஞ்சு முடிஞ்சாச்சு. சினிமால ஊரே குடிக்கிறதைப் பாத்தாச்சு. ஒரு தடவையாவது ஒழுங்கா கலந்து ருசி பாக்கணும். ஒழுங்கா கலக்கற ஆள்னா எனக்கு உங்களைத்தான் தெரியும்” என்றார்.

நான் முதலில் மறுத்தேன். அவர் ஒரு தாளை நீட்டினார். அதில் ஓல்ட் ஃபேஷன்ட் என்று விஸ்கி கலக்கும் பழைய முறை ஒன்றைப் போனில் பார்த்து எழுதி வைத்திருந்தார். சர்க்கரை, பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாறு, விஸ்கி, ஐஸ், ஆரஞ்சுத் தோல். ஐந்தே சரக்கு. மருந்துச் சீட்டு மாதிரி இருந்ததால் நான் அதைக் கையில் வாங்கிப் படித்துவிட்டேன். படித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

பிட்டர்ஸ் எங்கள் பக்கத்துக் கடைகளில் கிடைக்கவில்லை. அதனால் அந்த விஸ்கியிலேயே நூறு மில்லியைப் பழுப்பு நிற மருந்துப் பாட்டிலில் ஊற்றி, காய வைத்த ஆரஞ்சுத் தோல், பட்டை, நாலு கிராம்பு, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய ஒரு கசப்பு வேர் எல்லாவற்றையும் போட்டு மூன்று வாரம் ஊற வைத்தேன். தினமும் காலையில் ஒரு தடவை குலுக்கினேன். வீட்டு வேலைக்கு வரும் பெண் எடுத்துவிடக் கூடாது என்று ‘வெளி உபயோகத்துக்கு மட்டும்’ என்று லேபிள் எழுதி ஒட்டினேன். இதையும் பொய்க் கணக்கில் சேர்ப்பதானால் சேர்த்துக்கொள்ளலாம்.

சம்பவம் நடந்த ஒன்பதாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி சரியாக நாலு மணிக்கு வந்தார். புதுப் புடவை கட்டியிருந்தார். நான் கேட்கவில்லை. ஒரே மாதிரியான இரண்டு கிளாஸ்களை வெந்நீரில் கழுவித் துடைத்தேன். ஒவ்வொன்றிலும் ஒரு டீஸ்பூன் சர்க்கரை போட்டு, அதன் மேல் பிட்டர்ஸ் ஐந்து சொட்டும் தண்ணீர் ஐந்து மில்லியும் விட்டு, சர்க்கரை நெறுநெறுப்பு இல்லாமல் கரையும் வரை ஸ்பூனின் பின்பக்கத்தால் தேய்த்தேன். அதன் பிறகு அளவுக் குடுவையில் ஆளுக்கு அறுபது மில்லி விஸ்கி அளந்து ஊற்றினேன். பெரிய ஐஸ் கட்டி வேண்டும் என்று தாளில் இருந்ததால், முந்தைய நாளே கிண்ணத்தில் உறைய வைத்திருந்ததை ஆளுக்கு ஒன்றாகப் போட்டு, சுவர்க் கடிகாரத்து வினாடி முள்ளைப் பார்த்தபடி முப்பது வினாடி கிளறினேன். அந்த நேரத்தில்தான் மணியைப் பார்த்தேன். நாலு பதினெட்டு. ஸ்பூன் நுனியில் ஒட்டிய ஒரு துளியை நான் நாக்கில் வைத்துப் பார்த்தேன். இன்னொரு துளியைச் சம்பந்தி பார்த்தார். அந்த நேரம் வரையில் எங்கள் இருவருக்குள்ளும் போனது அவ்வளவுதான்.

அதன் பிறகு தோலைக் கொளுத்தும் வேலை மட்டும் பாக்கி. ஆரஞ்சுத் தோலை எரியும் தீக்குச்சிக்கு எதிரே பிடித்து அமுக்கினால் அதில் உள்ள எண்ணெய் தெறித்து ஒரு நொடி பற்றி எரியும். அந்த வாசனைதான் பானத்துக்கு முக்கியம் என்று எழுதியிருந்தது. சமையலறையில் கேஸ் இருப்பதால் கிளாஸ்களைப் பால்கனிக்கு எடுத்துப் போய் வாஷிங் மிஷின் மேல் வைத்தோம். என் வீடு முதல் மாடி. பால்கனிக்கு நேர் எதிரே பல் டாக்டரின் வீடும் அவருடைய கார் நிற்கும் ஷெட்டும் இருக்கின்றன. தெரு குறுகல், கேட்டிலிருந்து கேட்டுக்கு இருபது அடி இருந்தால் அதிகம். சம்பந்தி தீக்குச்சியைக் கிழித்துப் பிடித்தார். நான் தோலை அமுக்கினேன். புஸ்ஸென்று ஒரு சுடர் எழுந்து அணைந்தது. இருவரும் சிறுபிள்ளைகள் மாதிரி கத்திச் சிரித்துவிட்டோம்.

சிரித்து வாயை மூடுவதற்குள் கீழே சத்தம் கேட்டது. எதிர் வீட்டு வெள்ளைக் கார் ஷெட்டிலிருந்து பின்பக்கமாக வந்து, ஓரமாக நடந்துபோன தையல்காரம்மாவின் இடுப்பில் முட்ட, அவர் தைத்த துணிகள் இருந்த பையோடு விழுந்தார். சம்பந்தி, “நிறுத்துடா!” என்று கத்தினார். முப்பது வருடம் மைதானத்தில் கத்திய குரல். கார் நின்றது. ஆனால் ஓட்டியவர் இறங்கவில்லை. கார் முன்னால் நகர்ந்து திரும்ப ஷெட்டுக்குள் போய்விட்டது. கண்ணாடியில் வெயில் அடித்ததால் ஓட்டியவரின் முகம் எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகுதான் தெருமுனையிலிருந்து தண்ணீர் கேன் வண்டி வந்தது. விழுந்து கிடந்தவரைப் பார்த்து வண்டிக்காரர் பத்தடி முன்னாலேயே நிறுத்தி, இறங்கி ஓடி வந்து அவரைத் தூக்கினார்.

நாங்கள் கிளாஸ்களை அப்படியே விட்டுவிட்டு, கதவைக்கூடப் பூட்டாமல் இறங்கி ஓடினோம். நாங்கள் படி இறங்கி வெளியே வந்தபோது பல் டாக்டர் அப்போதுதான் எழுந்தவர் போல லுங்கியோடு கேட்டைத் திறந்து வந்து, “இந்த வண்டிக்காரன்தான் இடிச்சுட்டான், பிடிங்க!” என்று கூடிய ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். தையல்காரம்மாவுக்குப் பின்னாலிருந்து இடி விழுந்ததால் இடித்தது எது என்று அவருக்கே தெரியவில்லை. கேன் வண்டியின் பம்பரில் ஏற்கெனவே ஒரு நெளிசல் இருந்தது. அது போதுமானதாகிவிட்டது. சம்பந்தி, பக்கத்துக் கடையில் ஒரு அளவுகோலை வாங்கித் தையல்காரம்மாவின் முறிந்த காலோடு சேர்த்துத் தன் புதுப் புடவையின் முந்தானையைக் கிழித்துக் கட்டினார். நாங்கள் இருவரும் அவரோடு மருத்துவமனைக்குப் போய், கட்டுப் போட்டு முடித்த பிறகு ஆறரை மணிக்குத் திரும்பினோம். ஐஸ் கரைந்து கிளாஸ் விளிம்பு வரை நின்றது. கொட்ட மனம் வரவில்லை. குடித்தோம். சப்பென்று இருந்தது.

மறுநாள் நிலையத்தில் எழுத்தர், “அப்ப என்ன பண்ணிட்டிருந்தீங்கம்மா?” என்று கேட்டார். பக்கத்தில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். என் வாய் டீ என்று சொல்லிவிட்டது. சம்பந்தியும் தலையாட்டினார். திரும்பும் வழியில், “சர்க்கரை எத்தனை ஸ்பூன்னு கேக்காம விட்டாங்களே” என்றார். அன்று அது எங்களுக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது. பதினாறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கலந்து, இந்த முறை ஐஸ் கரைவதற்கு முன்பே குடித்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இருபதாம் தேதி வியாழக்கிழமை என்னை நிலையத்துக்கு அழைத்து, பல் டாக்டரின் வாக்குமூலத்தையும் இப்போது அவர் கொடுத்திருக்கும் மனுவையும் உதவி ஆய்வாளர் அம்மா வாசித்துக் காட்டினார். மனுவில், ‘மேற்படி சாட்சிகள் இருவரும் டீ குடிக்கவில்லை, மது கிளாஸ்களை வைத்துக்கொண்டு, ஆரஞ்சுத் தோலில் தீ வைத்துச் சிரித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், குடிபோதையில் இருந்தவர்களின் பேச்சை நம்பக் கூடாது’ என்று இருந்தது. எனக்குக் காது வரை சூடேறியது. பதில் சொல்ல இரண்டு நாள் அவகாசம் கேட்டேன். வெளியே வராந்தாவில் கேன் வண்டிக்காரர் உட்கார்ந்திருந்தார். லைசென்ஸ் இங்கே மாட்டிக்கொண்டதால் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். என்னைப் பார்த்து எழுந்து, “நீங்க ஒருத்தராவது பாத்தீங்களேம்மா, அது போதும்” என்றார். நான் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன்.

அன்று மாலை சம்பந்தியிடம் இரண்டிலும் இருந்ததை ஒரு வரி விடாமல் சொன்னேன். அவர், “சம்பந்தி, நாம தீக்குச்சி கிழிச்சது ஒரே ஒரு தடவை. ரெண்டாவது தோலைக் கையிலகூட எடுக்கல. அது எரிஞ்சது ஒரு நொடி. சத்தம் கேட்டு எந்திரிச்சு வந்தேன்னு சொல்றவனுக்கு அது எப்படித் தெரிஞ்சுது?” என்றார்.

அவர் சொன்ன பிறகுதான் எனக்கு விளங்கியது. பல் டாக்டர் தன் வாக்குமூலத்தில் மூன்று மணியிலிருந்து உள்ளே தூங்கிக்கொண்டிருந்ததாகவும், கார் ஷெட்டை விட்டு அசையவே இல்லை என்றும், அலறல் கேட்டுத்தான் எழுந்து வந்ததாகவும் சொல்லியிருக்கிறார். அலறல் கேட்பதற்கு முன்பே சுடர் அணைந்துவிட்டது. நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது தெருவில் தையல்காரம்மாவைத் தவிர ஆள் இல்லை. அந்தச் சுடரைப் பார்த்தவர் தூங்கியிருக்க முடியாது; எங்கள் பால்கனிக்கு எதிரே வந்துகொண்டிருந்த அந்தக் காருக்குள்தான் இருந்திருக்க வேண்டும்.

நேற்று வெள்ளிக்கிழமை காலை தையல்காரம்மாவை மருத்துவமனையில் போய்ப் பார்த்தேன். எங்கள் சுடரை வேடிக்கை பார்த்துக்கொண்டே பல் டாக்டர் காரைப் பின்னால் எடுத்திருக்கலாம், அப்படியானால் இதில் எனக்கும் பங்கு உண்டு என்று சொன்னேன். தையல்காரம்மா, “நீங்க உங்க வீட்லதானே கொளுத்துனீங்க. பின்னாடி போறவன் பின்னாடி பாக்கணும், மேல என்ன பார்வை?” என்றார். அதன் பிறகு குரலைத் தாழ்த்தி, “அது எப்படிம்மா இருக்கும்?” என்று கேட்டார். முதலில் கசப்பு, அப்புறம் இனிப்பு, கடைசியில் தொண்டையில் சூடு என்று சொன்னேன். கால் சரியாகட்டும் என்றார்.

அதன் பிறகு மகனுக்குப் போன் செய்து, நீதிமன்றத்தில் வாசிப்பதற்கு முன்னால் என் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன், “அம்மா... நீயா?” என்றான். மருமகள் போனை வாங்கி, “அத்தை, எங்கம்மாவுக்கு ரெண்டாவது கிளாஸ் மட்டும் குடுத்துடாதீங்க, பாட ஆரம்பிச்சுடுவாங்க” என்றாள். பின்னால் மகன் சிரிக்கும் சத்தம் கேட்டது.

இன்று இதுவரை சொன்னதைக் கேட்ட உதவி ஆய்வாளர் அம்மா பல் டாக்டரின் வாக்குமூலம், மனு இரண்டு தாள்களையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, என்னை வெளியே உட்காரச் சொல்லி, பல் டாக்டரை அழைத்துவர ஆள் அனுப்பினார். அவர் வந்து உள்ளே முக்கால் மணி நேரம் இருந்தார். என்ன சொன்னார் என்பது எனக்குத் தெரியாது. திரும்ப வெளியே வந்தபோது இரண்டு காவலர்கள் அவரோடு இருந்தார்கள். அதன் பிறகு இன்றும் வராந்தாவில் காத்திருந்த கேன் வண்டிக்காரரைக் கூப்பிட்டு லைசென்ஸைக் கையில் கொடுத்ததை நான் நேரில் பார்த்தேன். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் படித்தார். சட்டைப் பையில் வைத்துப் பித்தானைப் போட்டார். மறுபடியும் பித்தானைக் கழற்றி எடுத்துப் பார்த்துவிட்டு வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு வாக்குமூலம் தொடர்ந்தது. உதவி ஆய்வாளர் அம்மா என்னைவிட முப்பத்தைந்து வயது சிறியவர். “விபத்து நடக்கும்போது நீங்க ஒரு வாய்கூடக் குடிக்கல. அப்புறம் குடிச்சதை விட்டுடலாமா?” என்று கேட்டார். வேண்டாம், எழுதுங்கள் என்றேன். சற்று யோசித்து, “நாலு பேர் படிப்பாங்க மேடம். மருந்துக்காகன்னு போட்டுக்கட்டுமா? நீங்க அந்தத் துறைதானே, யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க” என்று சொல்லி, நான் பதில் சொல்வதற்குள் அப்படியே எழுதியும்விட்டார். என் நல்லதுக்காகத்தான் எழுதினார். ஆனால் முப்பத்தோரு வருடம் மருந்து கொடுத்தவள் நான். எது மருந்து என்று எனக்குத் தெரியும்.

மேலே எழுதியிருப்பவை எல்லாம் எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டப்பட்டன. கண்ணாடி போட்டுக்கொண்டு நானும் ஒரு முறை படித்தேன். யாரும் சொல்லிக் கொடுக்காமல், யாருக்கும் பயப்படாமல், என் நினைவில் உள்ளபடி சொன்ன உண்மை இது. ‘மருந்துக்காக’ என்ற ஒரு சொல்லை மட்டும் அடித்து, அதற்கு மேல் ‘ருசிக்காக’ என்று என் கையாலேயே எழுதி, அந்தத் திருத்தத்துக்குப் பக்கத்தில் தனியாகவும் ஒரு கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

(ஒப்பம்)